தங்கத்தை விடுங்க, கீழ் மூலையில இருக்குற அழுக்கைப் பாருங்க

உள்ளங்கைக்குள்ள அடங்கிடும் அந்த ஜெபப் புக்கு. உயரம் 9 சென்டிமீட்டர் சொச்சம், அகலம் 6 சென்டிமீட்டர் சொச்சம், அவ்ளோதான். ஆனா உள்ள 209 தாள் இருக்கு, அத்தனையும் தோல்ல செஞ்ச தாள். 1324க்கும் 1328க்கும் நடுவுல பாரிஸ்ல ழான் பூசெல்னு ஒரு ஓவியர் வரைஞ்சது, பிரெஞ்சு ராஜா நாலாம் சார்லஸோட மூணாவது மனைவி ழான்ன் தெவ்ரோவுக்காக. கல்யாணம் ஆகும்போது அந்தப் பொண்ணுக்கு 14, 15 வயசுதான் இருக்கும். இப்போ அது நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன் மியூசியத்தோட க்ளாய்ஸ்டர்ஸ் கட்டடத்துல இருக்கு.

அதுல மங்கள வார்த்தை, அதாவது மாதாவுக்கு இயேசு பிறக்கப் போறாருன்னு தேவதூதர் வந்து சொல்ற படம் இருக்குற பக்கத்தை நான் அடிக்கடி ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பாப்பேன். மேல அந்தத் தேவதூதர் கபிரியேல் சம்மனசு மாதா முன்னாடி மண்டியிட்டிருக்காரு. கலரே கிடையாது கிட்டத்தட்ட, சாம்பல் நிறத்துலயே எல்லா உருவமும், சிலை மாதிரி. அதுக்குக் கீழ "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்"னு லத்தீன்ல ஜெபம் ஆரம்பிக்குது, அந்த முதல் எழுத்துக்குள்ள ஒரு பொண்ணு மண்டியிட்டு ஒரு குட்டிப் புக்கை விரிச்சு வச்சுப் படிச்சிட்டிருக்கா. அது அந்த ராணியேதான். அதாவது விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இந்தப் பக்கத்தைத் திறந்தா, இதே பக்கத்தைத் திறந்து வச்சிருக்குற தன்னையே அவ பாப்பா. புருஷன் 1328ல செத்துப் போனாரு, அதுக்கப்புறம் 1371 வரைக்கும் 40 வருஷத்துக்கு மேல விதவையா வாழ்ந்தா, உயில்ல இந்தப் புக்கைத் தனியா சொல்லி அப்போ ராஜாவா இருந்த அஞ்சாம் சார்லஸுக்கு எழுதி வச்சா, ஒரு ராணி சாகும்போது இவ்ளோ சின்ன புக்கை ஞாபகம் வச்சு எழுதியிருக்கான்னா அது அவளுக்கு வெறும் நகை மாதிரி இருந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

இந்த மாதிரி புக்குகளுக்குப் பொதுப் பேரு புக் ஆஃப் அவர்ஸ், அதாவது வேளைக்கு வேளை சொல்ற ஜெபங்களோட புக்கு. இதைப் பத்தி எங்க படிச்சாலும் தங்கம், நீலம், பிரபு, ஏல விலை, இதுலயே சுத்திட்டிருப்பாங்க. எனக்கும் அந்தத் தங்கம் பிடிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா பல வருஷமா இதைப் பாத்துப் பாத்து எனக்கு வந்த நம்பிக்கை என்னன்னா, இந்தப் புக்குகள்ல நாம பாக்க வேண்டியது முதல்ல அந்த ஓவியத்தை இல்ல, அதைப் பிடிச்ச கையைத்தான். யாரோ ஒருத்தர் தெனமும் கையில எடுத்து, விரலை வச்சு, முத்தம் கொடுத்து, ஓரத்துல பிள்ளை பொறந்த தேதியை எழுதி வச்ச பொருள் இது. அதை ஓவியக் கண்காட்சியா மட்டும் பாத்தா பாதிக்கு மேல போயிடுது.

இது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். மடத்துல இருக்குற துறவிங்க ஒரு நாளைக்கு எட்டு வேளை ஜெபம் சொல்வாங்க, நடுராத்திரி தாண்டி ஆரம்பிச்சு படுக்கப் போற வரைக்கும், வாரத்துக்குள்ள பைபிள்ல இருக்குற 150 சங்கீதமும் (ஜெபப் பாட்டு) முடிஞ்சிடணும். வீடு, வியாபாரம், பிள்ளைகுட்டின்னு இருக்குறவங்களால அது முடியாது. ஆனா ஆசை இருந்துச்சு. 1215ல நாலாவது லாத்தரன் சங்கம்னு திருச்சபையோட பெரிய கூட்டம், எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் (குருவானவர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) பண்ணியே ஆகணும்னு சொன்ன காலகட்டம், சாதாரண ஜனங்களும் தன்னோட ஆத்துமாவைப் பத்தி தானே கவலைப்பட ஆரம்பிச்ச காலம் அது. அப்போதான் மாதாவுக்கான சின்ன ஜெபவேளைகளை சங்கீதப் புத்தகத்துல இருந்து பிரிச்சு தனிப் புக்கா எழுத ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல இன்னிக்கு மிஞ்சியிருக்குற ஆகப் பழசு 1240 வாக்குல ஆக்ஸ்போர்டுல வில்லியம் டி பிரெய்ல்ஸ் வரைஞ்சது, பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அதுலயும் உள்ள ஒரு பொண்ணு மண்டியிட்டு ஜெபிக்கிறா. ஆரம்பத்துல இருந்தே இது பெரும்பாலும் பொண்ணுங்க கையில இருந்த புக்குதான், இதை நான் அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தனியா உக்காந்து, நடுவுல ஒரு குருவானவர் இல்லாம, தானே படிச்சு தானே கடவுள்கிட்ட பேசுறதுக்கு இருந்த வழிகள் ரொம்பக் கம்மி.

உள்ள என்ன இருக்கும்னா, முதல்ல காலண்டர். முக்கியமான திருநாள் சிவப்பு மையில, இன்னும் பணக்காரப் புக்கா இருந்தா தங்கத்துல. அப்புறம் நாலு சுவிசேஷத்துல இருந்து துண்டு துண்டா வாசகம், மாதாவைப் பாத்துக் கெஞ்சுற ரெண்டு நீளமான ஜெபம், அப்புறம்தான் மாதாவின் எட்டு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு படம், பெரும்பாலும் ஒரே வரிசையில: மங்கள வார்த்தை, எலிசபெத்தம்மாளைப் பாக்கப் போறது, மாட்டுத் தொழுவத்துல பிறப்பு, இடையர்களுக்குச் செய்தி, மூணு ராஜாக்கள், கோயில்ல காணிக்கை, எகிப்துக்கு ஓடிப்போறது, கடைசியில மாதாவுக்கு மோட்சத்துல முடி சூட்டுறது. அப்போ பக்கத்துக்கு நம்பர் போடுற வழக்கம் இல்லாததால இந்தப் படங்கதான் அடையாளம், படத்தைப் பாத்தே எந்த வேளைன்னு திறந்துடலாம். பின்னாடி ஏழு தவச் சங்கீதம், புனிதர்கள் பிரார்த்தனை, கடைசியா மரிச்சவங்களுக்கான ஜெபம். அதுல வர்ற "ஆழத்திலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிட்டேன்" சங்கீதம் எங்க ஊர்ல சாவு வீட்டுல இன்னிக்கும் சொல்றதுதான், நான் சின்ன வயசுலயே கேட்டு மனப்பாடம் ஆனது. 1440 வாக்குல வரைஞ்ச ஒரு டச்சுப் புக்குல அதே ஜெபத்துக்குப் பக்கத்துல நரகத்தோட வாய் பூனை வாய் மாதிரி பிளந்து நிக்கிறதைப் பாத்தப்போ உடம்பு ஒரு தடவை சிலிர்த்துப் போச்சு.

காலண்டரைப் பாத்தா புக்கு எந்த ஊர்ல இருந்தவங்களுக்குன்னு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். ஜனவரி 3ல புனித ஜெனவியேவ் தங்கத்துல இருந்தா பாரிஸ். இன்னொரு வழியும் இருக்கு, அந்தக் கெஞ்சுற ஜெபத்துல "உம்முடைய ஊழியன்"னு இருக்கா "ஊழியக்காரி"ன்னு இருக்கான்னு லத்தீன் விகுதியைப் பாத்தா ஆணுக்கு எழுதினதா பொண்ணுக்கு எழுதினதான்னு தெரிஞ்சிடும். எல்லா சமயமும் இல்ல, எழுதுறவர் பழைய பிரதியை அப்படியே காப்பி பண்ணிடுவாரு, ஆனா பல சமயம் தெரியும்.

செய்முறை பத்தி எழுதாம இருக்க முடியல. கன்னுக்குட்டி, ஆடு, செம்மறி, இதுங்களோட தோலை சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போட்டு, மயிரை வழிச்சு, சட்டத்துல இழுத்துக் கட்டி, பிறை மாதிரி வளைஞ்ச கத்தியால ரெண்டு பக்கமும் சுரண்டிச் சுரண்டி மெலிசாக்குவாங்க. மை எதுல செஞ்சாங்கன்னா மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். சிவப்புக்கு ரசமும் கந்தகமும் சேத்து செஞ்ச ஜாதிலிங்கம், பச்சைக்கு தாமிரக் களிம்பு, வெள்ளைக்கு ஈயம். இந்த லிஸ்ட்டைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, இதுல பாதியைப் பேரு சொல்லி நம்ம நாட்டு மருந்துக் கடையில கேட்டு வாங்கலாம். தங்கம் கலருக்கு முன்னாடியே ஒட்டணும், ஏன்னா அப்புறம் தேய்க்கும்போது கலர் கெட்டுப் போயிடும். தஞ்சாவூர் படத்துல சுண்ணாம்புப் பசை வச்சு மேடு பண்ணி அதுமேல தங்க ரேக் ஒட்டுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான்: பசையை மேடா வச்சு காய விட்டு, அதுமேல வாயால ஊதி ஈரமாக்கி, ரேக்கை வச்சு, நாய்ப் பல்லோ வழவழப்பான கல்லோ வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்குவாங்க. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பக்கத்தைத் திருப்பும்போது அந்த மேடு ஒவ்வொரு கோணத்துலயும் வெளிச்சத்தைப் பிடிக்கும். போட்டோல இது வரவே வராது.

நீலம் இன்னும் தூரத்துல இருந்து வந்துச்சு. ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மலையில வெட்டின லாபிஸ் லசூலி கல்லு. அதைச் சும்மா அரைச்சா சாம்பல் கலர்தான் வரும், அதனால அரைச்ச தூளை மெழுகு, பைன் மரப் பிசின் எல்லாம் சேத்துப் பிசைஞ்சு உருண்டையாக்கி நாள் கணக்குல வச்சிருந்து, அப்புறம் சாம்பல் காரத் தண்ணிக்குள்ள அமுக்கி அமுக்கிப் பிசைவாங்க, நீலம் மட்டும் தண்ணிக்குள்ள இறங்கும், முதல் தடவை இறங்குறதுதான் ஒசத்தி. 2019ல வந்த ஒரு ஆராய்ச்சி என்னை ரொம்ப பாதிச்சுது. ஜெர்மனியில டால்ஹைம்னு ஒரு இடத்துல கன்னியர் மடத்துக் கல்லறையில புதைச்சிருந்த ஒரு பொண்ணு, 45ல இருந்து 60 வயசுக்குள்ள, 11-12ஆம் நூற்றாண்டு வாக்குல செத்தவ, பேரு தெரியாது. அவ பல்லுல படிஞ்சிருந்த காரைக்குள்ள லாபிஸ் தூள் நீல நீலமா இருந்துச்சு. தூரிகை முனையை நாக்குல வச்சுக் கூராக்கிக் கூராக்கி வரைஞ்சிருக்கா, அதுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்ற காரணங்கள்ல ரொம்பப் பொருந்துறது. நான் பேசிட்டிருக்குற புக்குகளுக்கு ரொம்ப முந்தின காலம்தான், ஆனாலும் இதை எழுதாம விட மனசு வரல. புக்குங்களை வரைஞ்சதெல்லாம் ஆம்பளை சாமியாருங்கன்னு பாடப் புத்தகம் சொல்லிட்டிருந்த கதையை அவ பல்லு மறுத்துப் பேசியிருக்கு.

நம்ம பக்கத்துல இருந்தும் ஒரு கலர் போயிருக்கு. ஓரங்கள்ல வர்ற இளஞ்சிவப்புக்கு அவங்க உபயோகிச்ச மரச்சாயம், அமெரிக்காவுக்குக் கப்பல் போறதுக்கு முன்னாடி, இந்தியாவுலயும் தென்கிழக்கு ஆசியாவுலயும் இருந்து போன மரம்தான். கேரளா ஹோட்டல்ல வெந்நீர் சிவப்பா கொடுப்பாங்கல்ல, அந்தப் பதிமுகம். கொல்லத்து மரம்னு மார்க்கோ போலோவே அதைத் தனியா சொல்றாரு.

இனி எல்லாருக்கும் தெரிஞ்ச புக்கு. பெர்ரி பிரபு ழானுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் மூணு பேரு, போல், ழான், எர்மான், 1412 வாக்குல ஆரம்பிச்சது. த்ரே ரிஷ் ஊர்னு பேரு, பாரிஸுக்குப் பக்கத்துல ஷான்டியில இருக்கு. அதோட பிப்ரவரி மாசப் பக்கத்தை நீங்க எங்கயாவது பாத்திருப்பீங்க, பனி கொட்டிக் கிடக்குது, குடிசைக்குள்ள பண்ணையாளுங்க துணியைத் தூக்கிட்டு அடுப்புல குளிர் காயுறாங்க, வெளிய ஒருத்தன் கழுதையை ஓட்டிட்டுப் போறான். பிரபுவுக்கும் அந்தச் சகோதரர்களுக்கும் இருந்த நெருக்கத்தைப் பத்தி ஒரு நல்ல கதை அவரோட சொத்துப் பட்டியல்லயே இருக்கு: 1411 புத்தாண்டுக்கு அவங்க அவருக்கு ஒரு புக்கு பரிசு கொடுத்தாங்க, வெள்ளை வெல்வெட் அட்டை, வெள்ளிக் கொக்கி எல்லாம் போட்டு, ஆனா திறக்க முடியாது, ஏன்னா அது புக்கே இல்ல, புக்கு மாதிரி பெயிண்ட் அடிச்ச மரக்கட்டை. ஒரு பிரபுகிட்ட இப்படி விளையாடுற அளவுக்கு அந்த வீட்டுல அவங்களுக்கு இடம் இருந்திருக்கு.

1416ல பிரபு செத்தாரு, அதே வருஷம் மூணு சகோதரர்களும் செத்துப் போனாங்க, முப்பது வயசு தாண்டியிருக்குமான்னே சந்தேகம். கொள்ளைநோயா இருக்கும்னு நினைக்கிறாங்க. புக்கு முடியல. பிரபு சொத்தைக் கணக்கெடுத்தப்போ அது கட்டாத தாள்களா ஒரு பெட்டிக்குள்ள கிடந்துச்சு. பல வருஷம் கழிச்சு 1480கள்ல ழான் கொலோம்ப் வந்துதான் முடிச்சாரு, அதுவும் வேற ஒரு பிரபுவுக்காக. இதை நான் ஏன் சொல்றேன்னா, உலகத்துலயே பேர் போன ஜெபப் புக்கை, யாருக்காக செஞ்சாங்களோ அவர் ஒரு நாள் கூட கட்டின புக்கா கையில வச்சு ஜெபிக்கல. அந்தப் படங்க எவ்ளோ அழகா இருந்தாலும், புக் ஆஃப் அவர்ஸ்னா என்னன்னு தெரிஞ்சிக்க அது சரியான உதாரணம் இல்லன்னு நான் உறுதியா நினைக்கிறேன். ஆனா எல்லாரும் அதைத்தான் முதல்ல காட்டுறாங்க.

அப்போ எதைக் காட்டணும்? அழுக்கானதை.

கேத்ரின் ரூடின்னு ஒரு கலை வரலாற்று ஆராய்ச்சியாளர் 2010ல ஒரு வேலை பண்ணாங்க. டென்சிட்டோமீட்டர்னு ஒரு கருவி, ஒரு பரப்புல இருந்து எவ்ளோ வெளிச்சம் திரும்ப வருதுன்னு அளக்கும். அதை எடுத்துட்டு நெதர்லாந்துப் பக்கத்து ஜெபப் புக்குகளோட ஒவ்வொரு பக்கத்துலயும் கட்டைவிரல் படுற கீழ் ஓரத்துல வச்சு எவ்ளோ கறுத்திருக்குன்னு அளந்தாங்க. எந்தப் பக்கம் அதிகமா கறுத்திருக்கோ அந்த ஜெபத்தை அதிகமா சொல்லியிருக்காங்க, இவ்ளோதான் யோசனை, எனக்கு இதைக் கேட்டப்போ இவ்ளோ நாளா இது யாருக்கும் ஏன் தோணலன்னு இருந்துச்சு. பலன் கிடைக்கிற ஜெபங்க, அதாவது உத்தரிக்கிற ஸ்தலத்துல (மோட்சத்துக்கு முன்னாடி ஆத்துமா சுத்தமாகுற இடம்) இருக்க வேண்டிய காலத்தைக் குறைக்கிற ஜெபங்க, அதெல்லாம் நல்லா கறுத்திருந்துச்சு. ஒரு புக்குல புனித செபஸ்தியாருக்கான ஜெபம். உடம்பெல்லாம் அம்பு தச்சவர், கொள்ளைநோய்க்கு அவர்கிட்டதான் வேண்டிக்குவாங்க. அந்தப் புக்கு வச்சிருந்தவங்க எந்த பயத்துல அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தாங்கன்னு யாரும் எழுதி வைக்கல, எழுத வேண்டிய அவசியமும் இல்ல, தோல் தாள்ல ஏறியிருக்கு.

அதைவிட என்னை உலுக்கினது ஒரு பிரசவக் கச்சை. லண்டன்ல வெல்கம் கலெக்‌ஷன்ல இருக்கு, 15ஆம் நூற்றாண்டு கடைசி, 16ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வாக்குல இங்கிலாந்துல செஞ்சது. செம்மறித் தோல் துண்டுகளை ஒட்டி 3 மீட்டருக்கு மேல நீளமா, வெறும் 10 சென்டிமீட்டர் அகலமா ஒரு சுருள். அதுல சிலுவை, ஆணி, இயேசுவோட விலாக் காயம், இதெல்லாம் கலர்ல வரைஞ்சு ஜெபம் எழுதியிருக்கு. பிரசவ வேதனை வர்றப்போ இதை வயித்துல சுத்திக்குவாங்கன்னு சொல்வாங்க, ஆனா நெஜமாவே சுத்தினாங்களான்னு ஆதாரம் இல்லாம இருந்துச்சு. 2021ல சாரா ஃபிடிமென்ட் குழு வெறும் அழிரப்பரை வச்சு மேல மெதுவா தேய்ச்சு, அந்தத் துகள்ல ஒட்டியிருந்த புரதத்தை டெஸ்ட் பண்ணாங்க. தேன், பால், முட்டை, அவரை வகை, கூடவே பிரசவ சமயத்துல வர்ற உடம்பு நீரோட புரதம். பால் தேன் எல்லாம் பிள்ளைத்தாச்சிக்கு அந்தக் காலத்துல கொடுத்த மருந்துல இருந்து சிந்தினதா இருக்கும். சிலுவை படம் இருந்த இடம் தேஞ்சு போய் மங்கலா இருக்கு, அத்தனை கை அதைப் பிடிச்சிருக்கு. இருட்டு ரூம்ல ஒரு பொண்ணு உசிருக்குப் போராடும்போது பிடிச்ச படம் அது. இதை மியூசியத்துல "சேதமடைந்த நிலை"ன்னு கார்டுல எழுதினா நான் ஒத்துக்க மாட்டேன்.

புக் ஆஃப் அவர்ஸ்லயும் இதே மாதிரி உடம்பு சம்பந்தப்பட்ட புனிதருங்க வரிசையா இருப்பாங்க. பல்வலிக்கு அப்போலோனியா, குறட்டுல ஒரு பல்லைப் பிடிச்சிட்டு நிப்பாங்க. பிரசவத்துக்கு மார்கரெட், பறவை நாகத்தோட வயித்தைக் கிழிச்சிட்டு வெளிய வருவாங்க, நாகத்தோட வாயில இன்னும் அவங்க துணியோட நுனி தொங்கிட்டிருக்கும். இந்தப் பக்கங்களை எப்ப பாத்தாலும் மருந்து இல்லாத காலத்துல ஜனங்க எதைப் பிடிச்சிட்டு நின்னாங்கன்னு புரியும்.

ஓரத்துல எழுதினதைப் பத்தி சொல்லணும்னா ஒரு முழுப் பதிவே வேணும். இங்கிலாந்து ராஜா மூணாம் ரிச்சர்டோட புக்கு லண்டன் லாம்பெத் பேலஸ்ல இருக்கு. அவருக்குன்னு செஞ்சது இல்ல, 1420 வாக்குல வேற யாருக்கோ செஞ்சது, அவர் கைக்கு வந்துச்சு. அக்டோபர் 2 தேதிக்கு நேரா தன் கையாலயே, இந்த நாள்ல ஃபாதரிங்கேல நான் பொறந்தேன்னு 1452 வருஷத்தோட எழுதியிருக்காரு. 1485 ஆகஸ்ட்ல பாஸ்வொர்த் போர்ல அவரைக் கொன்னாங்க. புக்கு யார்கிட்ட போச்சு? அவரை ஜெயிச்ச ஏழாம் ஹென்றியோட அம்மா மார்கரெட் போஃபோர்ட்கிட்ட. அந்தம்மாவும் கடைசியில தனக்காக வேண்டிக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. பிள்ளையோட எதிரி பொறந்த நாளை எழுதின பக்கத்தைக் கிழிக்கல, அதே புக்குல ஜெபம் நடந்திருக்கு.

கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துல இன்னொண்ணு. பிரித்தானி பிரபு பிரான்சிஸோட முதல் மனைவி யோலாந்துக்காக செஞ்ச புக்கு. அவங்க 1440ல செத்துட்டாங்க. அவரு ஸ்காட்லாந்து இளவரசி இசபெல்லா ஸ்டூவர்ட்டைக் கட்டிக்கிட்டாரு. மாதா முன்னாடி மண்டியிட்டிருந்த முதல் மனைவி உருவத்து மேலயே ரெண்டாவது மனைவியை வரைஞ்சு, முத்திரையையும் மாத்தி, புக்கை இவங்க கையில கொடுத்தாங்க. இசபெல்லா அந்தப் பக்கத்தைத் திறந்தப்போ அடியில யார் இருக்கான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியும், அப்புறம் அவரோட ரெண்டாவது மனைவியான ஆன் போலினும் காதலிச்ச சமயத்துல ஒரு ஜெபப் புக்குல ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டாங்க, ரத்தம் வடியிற இயேசு படத்துக்குக் கீழ அவரு பிரெஞ்சுல, மங்கள வார்த்தை படத்துக்குக் கீழ அவ இங்கிலீஷ்ல. ஆண் பிள்ளை வேணும்னு தவிச்ச ராஜாவுக்கு எந்தப் படத்துக்குக் கீழ எழுதணும்னு அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அதே ராஜா 1538ல, ஒரு பழைய ராஜாவை எதிர்த்ததால கொல்லப்பட்டு புனிதரான கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் பேரை எல்லாப் புக்குலயும் அழிக்கச் சொன்னாரு, போப்னு வர்ற இடத்தை அழிக்கச் சொன்னது அதுக்கு முன்னாடியே, 1535ல. இங்கதான் அந்தப் புக்கு வச்சிருந்த சாதாரண ஜனங்க நமக்குத் தெரியிறாங்க. சிலர் கத்தியால சுரண்டி எடுத்திருக்காங்க. சிலர் மெலிசா ஒரே ஒரு கோடு போட்டு, கீழ இருக்குறது தெளிவா படிக்கிற மாதிரி விட்டிருக்காங்க. அந்த மெல்லிய கோட்டைப் போட்ட கைக்கு எவ்ளோ துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்கு முன்னாடி, ராஜாவை இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவரா ஒத்துக்காம லண்டன் டவர்ல அடைபட்டிருந்த அவரோட பழைய மந்திரி தாமஸ் மோர்கிட்ட ஒரு புக் ஆஃப் அவர்ஸ் இருந்துச்சு. கையெழுத்துப் பிரதி இல்ல, 1530ல பாரிஸ்ல அச்சடிச்சது, அதுக்குள்ள அச்சு வந்துடுச்சு, மரச்செதுக்குப் படம் போட்டு மலிவா வித்தாங்க. அதோட மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் பக்கத்துக்கு ரெண்டு வரியா, உலகத்தை ஒண்ணுமில்லன்னு நினைக்க எனக்கு அருள் தாரும்னு ஒரு ஜெபத்தைத் தானே எழுதிட்டே போயிருக்காரு. 1535 ஜூலை 6 தலையை வெட்டினாங்க. புக்கு இப்போ ஏல் யுனிவர்சிட்டியில இருக்கு.

இப்போ என் மனசு எரியிற விஷயத்துக்கு வரேன். 20ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல கிளீவ்லாந்துல ஓட்டோ ஈகின்னு ஒரு ஆசிரியர், பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பிரிச்சு தாள் தாளா வித்தாரு. ஐம்பது தாள் ஒரு பெட்டின்னு 40 பெட்டி தயார் பண்ணினாரு, 50 புக்குல இருந்து ஒவ்வொரு தாள். 1938ல வெளிப்படையா எழுதவும் செஞ்சாரு, பணக்காரங்க மட்டும் வச்சிருக்குற பொருளை சாதாரண ஆளும் ஒரு தாளாவது வாங்கி வச்சுக்கட்டுமேன்னு. அந்த எண்ணத்துல ஒரு நியாயம் இருக்கு, சின்ன ஊர்க் காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்க கூட ஒரு அசல் தாளைத் தொட்டுப் பாத்திருக்காங்க. ஆனா படம் இருக்குற தாளை வச்சு ஃப்ரேம் போட்டா கிடைக்கிறது படம் மட்டும்தான். செபஸ்தியார் பக்கம் கறுப்பா இருக்குங்கிறது அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்குற பக்கம் வெளுப்பா இருந்தாத்தான் தெரியும். பொறந்த தேதி ஒரு தாள்ல, இறந்த தேதி ஆறு தாள் தள்ளி இன்னொரு மாசத்துல. பிரிச்சாச்சுன்னா அந்தக் குடும்பமே போச்சு. இன்னிக்கும் ஆன்லைன் ஏலத்துல தனித்தனித் தாளா வந்துட்டுத்தான் இருக்கு, தயவு செஞ்சு வாங்காதீங்க.

பிரிஞ்சதுல சிலது திரும்பச் சேந்திருக்கு. நரகத்தோட வாய்னு மேல சொன்னேன்ல, அது கிளீவ்ஸ் கேத்தரின்ங்கிற பிரபு குடும்பத்துப் பொண்ணோட புக்கு, உட்ரெக்ட்ல வரைஞ்சது. வரைஞ்சவர் பேரு தெரியாது. புனித அம்புரோசியார் படத்தைச் சுத்தி ஓரம் முழுக்க கடல் மட்டி சிப்பி, நடுவுல ஒரு நண்டு. புனித லாரன்ஸைச் சுத்தி மீன், ஒண்ணை ஒண்ணு விழுங்குது. 1850கள்ல ஒரு வியாபாரி அதைப் பிரிச்சு, தாளை மாத்தி மாத்திக் கலந்து ரெண்டு புக்கா கட்டி வித்துட்டாரு. நூறு வருஷம் ஒரு பாதியைத்தான் உலகம் முழுசுன்னு நம்பிட்டிருந்துச்சு, 1963ல இன்னொரு பாதி வெளிய வந்துச்சு. நியூயார்க் மார்கன் லைப்ரரி ரெண்டையும் வாங்கிடுச்சு, 157 படமும் இப்போ வரிசையா அவங்க சைட்ல பாக்கலாம்.

நேர்ல போனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரெண்டு பக்கம்தான் தெரியும், நான் பாத்ததும் அப்படித்தான், அதனால ஸ்கேன்தான் நமக்கு நெஜமான வாசல். பால்டிமோர் வால்டர்ஸ் மியூசியமும் பிரான்ஸ் தேசிய நூலகமும் அட்டையில இருந்து அட்டை வரைக்கும் போட்டிருக்காங்க. ஆனா படம் இருக்குற பக்கத்தை மட்டும் போட்டுட்டு எழுத்துப் பக்கத்தை விட்டுடற சைட்டும் நிறைய இருக்கு, சில இடத்துல அழகா இருக்கணும்னு ஓரத்தை வெட்டிக் கூட போடுறாங்க, நான் அந்த மாதிரி பாக்கும்போதெல்லாம் ஃபீட்பேக் பாக்ஸ்ல ஒரே விஷயத்தைத்தான் எழுதுறேன்: வெத்துத் தாளையும் போடுங்க, ஓரத்தை வெட்டாதீங்க, அட்டையோட உள்பக்கம் யாரோ கிறுக்கின கணக்கு இருந்தா அதையும் போடுங்க. நீங்களும் எழுதுங்க. அதுக்குள்ள பொழுது போகலன்னா பிரிட்டன் நூலகங்கள்ல இருக்குற ஏதாவது ஒரு ஸ்கேனைத் திறந்து டிசம்பர் 29க்குப் போங்க, பெக்கெட் திருநாள் அன்னிக்குத்தான், அந்த வீட்டுல என்ன முடிவு பண்ணாங்கன்னு அங்க தெரியும்.